இடது தோள்

"நேரா நில்லு" என்றாள் உஷாராணி. டேப்பின் நுனியை மறுபடியும் இடது தோளில் வைத்து இடுப்புவரை இழுத்தாள். பதிமூன்றரை. வலது பக்கம் பதினாலு. மூன்று முறை அளந்தாயிற்று. குறைந்த அரை அங்குலம் குறைந்தபடியே இருந்தது.

கண்ணாடிக்கு முன் நின்ற லோகேஸ்வரி வாய்க்குள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இடது தோளு தாழ்ந்தவளே, எப்பவும் அந்தப் பக்கம் நான்."

பாடியவன் உஷாராணியின் கணவன் சிவநேசன். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். வாரக் கடைசியில் கல்யாண மண்டபங்களில் பாடுவான். இந்தப் பாட்டை அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, ஒரு நண்பனின் ஸ்டூடியோவில் பதிவு செய்திருந்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவள் தையல் கடைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில், ரசத்துக்குக் கை குவித்தபோதுதான் ரேடியோவில் முதலில் கேட்டாள். குரல் தெரிந்தது. யாரைப் பற்றி என்று தெரியவில்லை. ரசம் விரலிடுக்கில் ஒழுகிப் போனது.

மூன்று வாரத்தில் எட்டு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். ரவாங்கில் ஒரு கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பாட்டுக்குத்தான் மேடையேறினார்கள். டிக்டாக்கில் பிள்ளைகள் இடது தோளைத் தொங்கவிட்டு ஆடினார்கள். அளவு கொடுக்க வந்தவர்களும் அப்படியே வந்து நின்றார்கள். ஒருத்திக்கு அந்தக் கோணலோடு ரவிக்கை தைத்துக் கொடுத்து, அவள் வீட்டில் நிமிர்ந்து நின்றதும் கழுத்து இழுத்துக்கொள்ள, பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. காய்கறி வாங்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆன்டி உஷாராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கொடுத்து வைத்தவள் என்று கண் கலங்கினார். உஷாராணி தலையை ஆட்டிவிட்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனிடம் ஒரு தடவை கேட்டாள். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பாட்டுன்னா பாட்டுதான் லா" என்றான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். புடவை நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாத வாய் அது. அந்த மனிதன் ஒரு பெண்ணின் தோளைப் பார்த்திருக்கிறான். இடதா வலதா என்றும் பார்த்திருக்கிறான்.

தோள் உஷாராணிக்குத் தெரிந்த விஷயம். அளவு நோட்டுகளை இறக்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் 'இடது தோள் இறக்கம்' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஒருத்தி செத்துப் போய்விட்டாள். ஒருத்தி பினாங்குக்குக் குடிபோய்விட்டாள். மூன்றாவது லோகேஸ்வரி. கிள்ளானில் இருந்தாள். தைத்த ரவிக்கைகளை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது சிவநேசன்தான். வேலைக்குப் போகிற வழிதானே என்று உஷாராணியே ஏற்படுத்திய பழக்கம்.

நோட்டில் இருக்கும் அளவு பழசு, நேரில் வா என்று செய்தி அனுப்பினாள். லோகேஸ்வரி வந்துவிட்டாள்.

"பாட்டு அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே உஷாராணி கேட்டாள்.

"ஒங்களப் பத்திப் பாடுனது, பிடிக்காம போவுமா?"

"என்னப் பத்தின்னு யாரு சொன்னா?"

லோகேஸ்வரி கண்ணாடியில் அவளையே பார்த்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு சிரிப்பு நின்றது. "அந்த டேப்பக் குடுங்கக்கா" என்றாள்.

உஷாராணியைத் திருப்பி நிறுத்தி, இடது தோளில் வைத்து இழுத்தாள். பதிமூன்றேகால். வலது பக்கம் பதினாலு.

"தப்பாப் பிடிச்சிட்ட. மறுபடி பிடி."

மறுபடியும் அதேதான்.

"மிசினுல அந்தப் பக்கமே சாஞ்சு ஒக்காந்தா என்ன ஆவும்? கடைக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும்க்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் தன்மேல் டேப் வைத்ததில்லை. தையல் படித்த காலத்தில் தைத்த ஓர் அளவு ரவிக்கையையே துணிமேல் விரித்து வெட்டித்தான் இத்தனை வருடமும் போட்டுக்கொண்டாள். இடது பக்கம் தோளைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். துணி சரியில்லை என்று ஊக்குக் குத்திக்கொள்வாள். இப்போதும் ஓர் ஊக்கு இருந்தது.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. கண்ணாடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். இரண்டு பேருக்கும் இடது தோள் தாழ்ந்திருந்தது.

அன்று மாலை, பாசாருக்குப் போகலாம் என்று சிவநேசனைக் கிளப்பினாள். படியிறங்கியதும் அவன் அவளுக்கு இடது பக்கம் வந்துகொண்டான். நாலடி நடந்து, செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் நின்று, அவனை வலது பக்கம் விட்டு நடந்தாள். விளக்குக் கம்பம் வரைதான். அவன் பின்னால் சுற்றிக்கொண்டு மறுபடியும் இடது பக்கம் வந்தான்.

"ஏங்க இந்தப் பக்கமே வர்றீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அந்தப் பக்கம் லொங்காங் இருக்கு. விழுந்து வைக்கணுமா?"

திரும்பிப் பார்த்தாள். சாக்கடை இருந்தது. கம்பத்திலிருந்து தெருக்கோடிவரை சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பாசார் வந்ததும் அவன் முட்டைக்கோஸ் விலை கேட்கப் போனான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. உஷாராணி பத்து மணிக்குக் கடையைத் திறந்தாள். நோட்டில் புதுப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, இடது பதிமூன்றேகால், வலது பதினாலு என்று குறித்தாள். பழைய அளவு ரவிக்கையைக் கிழித்து மிசின் துடைக்க வைத்துக்கொண்டாள். மத்தியானம் மழை. மூன்று மணிக்கு லோகேஸ்வரியின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்தாள். அதைக் கணவனிடம் கொடுத்தனுப்பவில்லை. கடைக்கு வந்து வாங்கிக்கொள் என்று செய்தி அனுப்பினாள். ஆறரைக்குக் கடையை அடைத்தாள்.