ஈறுக்குப் போகும் வழி

என் மகளுக்குப் பதினாறு வயது. வலது பக்கக் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஈறு வீங்கியிருந்தது. கள்ளக்குறிச்சியில் பல் டாக்டரம்மாவிடம் காட்டினோம். வீக்கம் கெட்டியாக இருக்கிறது, முதலில் மருந்து என்று, பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கேப்சூல் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளைக்கு, மூன்று வேளை.

எங்கள் வீட்டில் பல்வலி என்றால் எதையும் வலிக்கிற இடத்தில்தான் வைப்போம். கிராம்பானாலும் கல் உப்பானாலும் நேராக ஈறுக்குத்தான். நான் பட்டம் படித்தவள். ஆனால் அன்று என் கை படிக்கவில்லை. கேப்சூலைப் பிரித்துப் பொடியை விரலில் கொட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா பண்ற? டாக்டரு முழுங்கத்தான சொன்னாங்க?"

"முழுங்குனா வயித்துக்குப் போவும். வீக்கம் வாயிலதான கீது? தொற."

"கசக்குதும்மா."

"செத்த நேரம் வெச்சிருந்துட்டு கொப்புளிச்சித் துப்பிடு."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அவள் கன்னத்து வீக்கம் தாடை வரை இறங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. வாய்க்குள் என் ஒரு விரல்தான் நுழைந்தது.

பேருந்தில் அவள் தலை என் தோளில் சூடாகக் கிடந்தது. தூறலில் கல்வராயன் மலை பாதிதான் தெரிந்தது. மீதியை மேகம் வைத்திருந்தது.

"எத்தன வேள முழுங்குன?" என்று டாக்டரம்மா கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், ஒன்றுகூட இல்லையென்று. விரலில் வைத்துத் தேய்த்ததையும் சொன்னேன்.

"ஏம்மா, பூட்டத் தொறக்கச் சாவி குடுத்தா, அரைச்சி பூட்டு மேல பூசுவீங்களா?"

மகள் கோணல் வாயோடு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரம்மா குரலை இறக்கினார். "பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வருதில்ல? அந்த ரத்தம் வர்ற வழியிலதாம்மா மருந்தும் வரும். ஆனா சீழுக்குள்ள ரத்த ஓட்டம் கெடையாது. மருந்து கரையோட நின்னுடும். அத நான் கீறி வுடறேன். நாளைக்குக் காலைல வாய் கொஞ்சமாவது தொறக்கணும். இல்லன்னா, காச்சல் ஏறுனா, மூச்சோ முழுங்கறதோ கஷ்டமா இருந்தா, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. தொண்டைக்கு எறங்குனா வெளையாட்டு இல்ல."

கீறிவிட்டார். பிறகு அவர் கண்ணெதிரிலேயே அவள் முதல் கேப்சூலை விழுங்கினாள். சிறிது நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்றார். வெளியறை பெஞ்சில் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

ஜன்னலில் தூறல் ஓடியது. மலையில் பெய்வது கோமுகி அணைக்கு வந்து, வாய்க்காலில் இறங்கி, எங்கள் கரும்பு வேருக்கு வரும். கரும்பின் மேல் யாரும் குடம் குடமாக ஊற்றுவதில்லை. அவள் வயிற்றில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் கரைவதை நினைத்தேன். குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, ஈரலைத் தாண்டி, இதயத்துக்குள் நுழைந்து வெளியேறி, கழுத்து வழியே ஏறி, தலைமயிரைவிட மெல்லிய குழாய்களில் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் அந்த ஈறின் சதைக்குள் கசிவதை. என் விரலால் போக முடியாத இடம். அவள் கழுத்தில் கைவைத்தேன். துடிப்பு விடாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும், இப்போது ஒரு துளி, இப்போது இன்னொரு துளி என்று எண்ணியபடி நானும் எங்கேயோ மிதந்தேன்.

மறுநாள் காலை அவளை ஜன்னல் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவதையும் நுழைக்கப் பார்த்து அவள் பல்லில் இடித்துக்கொண்டேன்.

"போதும்மா. கைய எடு. இட்லி எதனா கீதா?"

இட்லியைக் குழைத்துத் தின்றாள். கேப்சூலை விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க. உள்ள பூட்ச்சி."

நான் குனிந்து பார்த்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன்.