கை தூக்கிய சபை

வெயில் ஏற ஏற, பெட்டியிலிருந்து எடுத்து விரித்த பவானி ஜமக்காளத்திலிருந்து பாச்சை உருண்டை வாசம் கிளம்பும். கிராம சபை என்றால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த வாசம்தான். பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூட மைதானத்தில் நிழல் விழும் பக்கமாக விரித்த ஜமக்காளத்தில் எங்கள் வீதிக்காரர்கள் உட்காருவார்கள். எங்கள் தோட்டங்களிலும் தறிக்கூடங்களிலும் வேலை செய்த காலனிக்காரர்கள், ஜமக்காளம் முடியும் இடத்திலிருந்து வெறுந்தரையில் உட்காருவார்கள். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. வெகுகாலம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அப்பா, அம்மாவை நிறுத்தினார். "நீ கையெழுத்துப் போட்டாப் போதும் சரசு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் ஓட்டுக் கேட்கக் காலனிக்குப் போன அம்மா, அங்கிருந்த ஒரே அடிகுழாயைச் சுற்றிக் குடங்கள் காத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கேட்காமலேயே, "நான் வந்தா தண்ணித் தொட்டி உங்க பக்கந்தானுங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் ஜெயித்தது காலனி ஓட்டில்தான் என்று ஊரே பேசிக்கொண்டது.

நான் எட்டாம் வகுப்பு. ஏதென்ஸ் நகரத்தில் குடிமக்கள் எல்லோரும் ஒரு குன்றின்மேல் கூடி, கை தூக்கியே சட்டம் செய்தார்கள் என்று சமூக அறிவியல் டீச்சர் சொல்லித் தந்த வாரம் அது. சோழர் காலத்துக் குடவோலையும் அதே பாடத்தில் இருந்தது. சட்டசபையில் நமக்காக வேறு யாரோ பேசுகிறார்கள், ஆனால் கிராம சபையில் நாமே பேசுகிறோம், ஆகவே நம் ஊரும் ஏதென்ஸ்தான் என்று மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பெருமையாக அளந்தேன்.

"எல்லாருமுன்னா, பொம்பளைங்களுமா கண்ணு?"

"இல்லம்மா. பொம்பளைங்களும் அடிமைங்களும் கெடையாது. குடவோலைக்கும் நெலம் இருந்தாத்தான்."

"அப்பறம் எப்புடி எல்லாருங்கறே?"

நான் பாடப் புத்தகத்தை எடுத்து மறுபடியும் புரட்டினேன்.

தொட்டி எங்கே கட்டுவது என்பது அடுத்த கிராம சபையில் வந்தது. அம்மா காலனியின் பேரைச் சொல்லத் தொடங்கியதுமே அப்பா எழுந்து, மிக மரியாதையாக, "நாம எதுக்கு முடிவு பண்ணோணும்? சனங்களையே கேட்டுப்போடலாமுங்க" என்றார். காலனிக்கு வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னாள் அம்மா. அப்பா ஒன்றும் செய்யவில்லை. வெறுமனே திரும்பி, தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். எங்கள் தறிக்கூடத்தில் நூல் சுற்றிய பழனியம்மாளின் கை தோள்வரை எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. அம்மா இன்னொரு முறை கேட்டாள். ஒரு கையும் எழவில்லை. பிறகு எங்கள் கோயில் வீதிக்கு என்று கேட்டபோது மைதானம் முழுக்கக் கைகள் எழுந்தன, பழனியம்மாளின் கையும்தான். "சனங்க சொல்லிப்போட்டாங்க" என்றார் அப்பா. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அம்மாவே மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தறிக்கூட வாசலில் பழனியம்மாளை நிறுத்தி, "ஏன் பழனியம்மா, உங்களுக்குத்தானே கேட்டேன்?" என்றாள்.

"சீட்டுன்னா உங்களுக்குத்தானுங்க குத்துவேன், குத்தவுஞ் செஞ்சேன். கையைத்தான் பண்ணாடி பாக்கறாருங்களே. நாளைக்கும் நான் தறிக்கு வரோணுமில்லீங்க." பண்ணாடி என்று அவள் சொன்னது முதலாளியான அப்பாவைத்தான்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் பயந்ததற்காக அல்ல, அந்தப் பயத்தை மைதானத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்திக் காட்டியது தன் கேள்விதான் என்பதற்காக என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். காலி வகுப்பறைக்குள் ஒரு மண்குடத்தை வைத்து, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு புளியங்கொட்டையும் ஒரு கூழாங்கல்லும் கொடுத்து, காலனிக்கு என்றால் கொட்டை, கோயில் வீதிக்கு என்றால் கல், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வரச் சொன்னாள். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். குடத்தை மேசைமேல் கவிழ்த்தபோது கொட்டைகளுக்கு நடுவே கற்களைத் தேட வேண்டியிருந்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்களிலும் சிலர் கொட்டை போட்டிருக்க வேண்டும். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் யாரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் முந்தைய தீர்மானம் மேலே போய் ஒப்புதலும் ஆகியிருந்தது. "இனி மாத்த முடியாதுங்கம்மா, கொட்டையெல்லாம் ரூல்ஸ்ல இல்லீங்க" என்றார் அதிகாரி. அம்மா பஸ் ஏறி அலுவலகம் அலுவலகமாக அலைந்து பார்த்தாள். தொட்டி எங்கள் வீதியில்தான் எழுந்தது. காலனிக்கு இழுத்த குழாயில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் முதல் நாள் தண்ணீர் பீறிட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. வாசலுக்கு வெளியே குடத்தோடு நின்ற பழனியம்மாளைப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். குதித்த கால்களை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழனியம்மாளோ, "அம்மணிக்குத் தண்ணின்னா குசி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் கூசாமல் நினைத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது நான் கோவையில் சமூக அறிவியல் ஆசிரியை. "ஃபோன்லயே எல்லாரும் ஓட்டுப் போட்டா எம்.எல்.ஏ. எதுக்கு மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஃபோன் யார் கையில் இருக்கும், பக்கத்தில் யார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். ஏதென்ஸின் குன்றைப் பற்றிச் சொல்லும்போது, அதில் ஏற முடியாதவர்களைப் பற்றியும், ஏறியும் கை தூக்க முடியாதவர்களைப் பற்றியும் பாடத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஊரில் தறிகள் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார். காலனிக்குத் தனித்தொட்டி வந்து, எங்கள் வீதித் தொட்டியை விரிசல் விட்டதென்று இடித்துவிட்டார்கள். அம்மா என்னோடு ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறாள். சென்ற ஆண்டு பழனியம்மாள் இறந்த செய்தி வந்தபோது, போக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். பழனியம்மாளின் மகள் நாற்காலி போட்டாள். அம்மா அதில் உட்காராமல், வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "ஐயோ, மேல உக்காருங்கம்மா" என்று அந்தப் பெண் பதறினாள். அம்மா எழவே இல்லை.