ஒரு பென்சில் கோடுகூட இல்லை

ரெய்னர்ஸ் லேன் நிலைய மேடையில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றபோதுதான் அந்தச் சுவரொட்டி கண்ணில் பட்டது. ஜப்பானிய அனிமேஷன் மேதையின் வாழ்நாள் உழைப்பு, லண்டனில்! பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறுகிறேன் என்று அறிவிப்பார், மறுபடி மேசைக்கு வந்து பென்சிலைக் கூராக்குவார். ரயிலை விட்டுவிட்டேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

எல்லாரும் என்றால், நான் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித்தரும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள். நான் மதுரையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவன். பள்ளியை நடத்துபவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பாடம் முடிந்தபின் ஒரு மணி நேரம் அனிமேஷன் வகுப்பு நடத்தப் பள்ளி மண்டபத்தைக் கேட்டு, செயலாளர் ரஞ்சி அன்ரியை மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

“உது கார்ட்டூன் தானே தம்பி? அதை வீட்டில ரீவியில பாக்கினம். பிறகென்ன வகுப்பு?”

“ஒருமுறை வந்து பாருங்க அன்ரி. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க வரைஞ்சா என்ன ஆகும்னு தெரியும்.”

“சரி, வாறன். பிடிச்சா ஹோல் தாறன். பிடிக்காட்டி இந்தக் கதையை இதோட விட்டிடோணும்.”

பள்ளிக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை. பதினாறு பேர் அமரும் மினிபஸ், வாடகை நூற்றெண்பது பவுண்ட். ஓட்டியவர் ஜெகன் அண்ணை. ஹேங்கர் லேன் தாண்டுவதற்குள் அன்ரி கொண்டுவந்த மீன் ரோல்ஸில் பாதி காலி. நகர மையத்துக்குள் நுழைந்தால் நெரிசல் கட்டணம் என்று ஓரமாகவே சுற்றினார் அண்ணை: “பஸ்ஸின்ர ஒரு சில்லு உள்ளுக்குப் போனாலும் காசு பிடுங்குவாங்கள்.”

வழியெல்லாம் கதை சொன்னது நான்தான். மற்றவர்கள் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே வரவேண்டிய சின்னச் சின்ன அசைவுகளை வரையும் கடைநிலை ஆளாகச் சேர்ந்தார் அந்த ஜப்பானியர். பிறகு இயக்கினார், நண்பர்களோடு சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கினார், உலகமே கொண்டாடிய பிறகும் அடுத்தவர் வரைந்த தாளை இழுத்து வைத்துத் திருத்தினார். அவர் படத்தில் கதை நின்றாலும் காற்று நிற்காது என்றேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

பதினொன்றே காலுக்கு வாப்பிங். தேம்ஸ் கரையோரம் ஒரு பழைய கிடங்கு. பெரியவருக்கு இருபத்து நான்கு பவுண்ட், சிறுவருக்குப் பதினாறு. உள்ளே இருட்டு. சுவர் முழுக்கப் பிரம்மாண்டமான புல்வெளிகள், மேகங்கள். காட்டு வாசனை வேறு விசிறினார்கள். நான் அறை அறையாகத் தேடினேன். ஒரு தாள், ஓர் அழித்த கோடு, ஒரு பென்சில் துண்டு? எதுவுமில்லை.

பத்து வயதுக் கீர்த்தனா என் சட்டையை இழுத்தாள். “சேர், இதில புல்லு இந்தப் பக்கம் சாயுது. இதில நிக்கிற பிள்ளையின்ர தலைமயிர் அந்தப் பக்கம் பறக்குது. காத்து எங்க இருந்து வருது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் நின்ற இளைஞனிடம் போய்க் கேட்டேன். அவன் கூச்சமே இல்லாமல் கதவுக்குப் பின்னாலிருந்த ஒரு சிறு பலகையைக் காட்டினான். இவை அந்த இயக்குநரின் படங்கள் அல்லவாம். அவர் படங்களைக் கொடுத்துப் பழக்கிய மென்பொருள் உண்டாக்கியவையாம். பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். இந்த ஊரில் காய்கறிக் கடைக்காரர்கூடத் தக்காளி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறார்! ஒரு மனிதன் விரல் தேய உழைத்ததை அவன் பெயரைப் போட்டே களவாடி, அதற்கு வாசனையும் தெளித்து விற்கிறார்கள். நான் கத்தினேன். பாதுகாவலர் வந்தார்.

அதைவிடக் கொடுமை, அன்ரி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்ததுதான்.

“சோக்கா இருக்கு தம்பி! கொம்பியூட்டர் தானா இவ்வளவும் கீறுதெண்டா, பிள்ளையள் ஏன் மினக்கெட்டுப் படிக்கோணும்?”

எனக்கு எதிரான சாட்சியை நானே காசு கொடுத்து அன்ரிக்குக் காட்டியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஜெகன் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்தார்: “அந்த ஜப்பான்காரருக்குத் தெரியுமோ, தன்ர பேரில வாப்பிங்கில கடை நடக்குதெண்டு?” பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

“அது எங்கேயும் அடிக்காத காத்து அன்ரி. யாரும் பாத்து வரையல. பாக்கக் கத்துக்கறதுக்குத்தான் வகுப்பு.”

“கதை நல்லாத்தான் கிடக்கு. ஆனா எனக்கு விளங்கேல்லை, தம்பி.”

பள்ளி வாசலில் பஸ் நின்றது. ஒரு கையில் காலி ரோல்ஸ் தட்டு, தோளில் நழுவும் கைப்பை. அன்ரி முதலில் வலது காலைப் படியில் வைத்து, யோசித்து, அதை எடுத்துவிட்டு இடது காலை வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு இறங்கினார். கீர்த்தனா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

“அன்ரி, இன்னொருக்கா இறங்குங்கோ!”

“உனக்கென்ன விசரே?”

“உங்களைப் படமாக் கீறப்போறம்!”

எல்லாப் பிள்ளைகளும் கூச்சல் போட்டார்கள். அன்ரி முறைத்தார். பிறகு, மேல்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்ப ஏறி, இன்னும் மெதுவாக இறங்கினார்.

“வடிவாக் கீறோணும். நான் தானெண்டு சனத்துக்குத் தெரிஞ்சா ஹோல் தாறன்.”

ஐந்து விநாடிப் படம். அடுத்த சனிக்கிழமை, பாடம் முடிந்ததும், ஜெகன் அண்ணையின் பஸ்ஸுக்குள்ளேயே ஆரம்பிக்கிறோம். முதல் தாள், மனம் மாறிப் படியிலிருந்து எழும்பும் அந்த வலது கால்.