பொறுக்கி எடுத்த கொப்பரை

மெயின்லேண்ட் அதிகாரிகளிடம் அந்தமானுக்காகச் சலுகை கேட்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது, பெஞ்சில் உட்கார்ந்து தேய்வதற்குக் கனமான பேண்ட். எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேயரில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகம் இதற்கென்றே என்னை மெட்ராஸுக்குக் கப்பலேற்றும். கப்பலில் மரம் ஏற்றிய பிறகு மிஞ்சும் இடத்தில்தான் குடியேறியவர்களின் கொப்பரை ஏறும். அதற்கென்று ஒரு மூலையும், குறைந்த கட்டணமும் வேண்டும். கேட்டது அவ்வளவுதான். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிற உங்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த நாடு?

முதல் தடவை, ஒரு குமாஸ்தா என் மனுவைப் புரட்டிவிட்டு இறக்குமதி லைசென்ஸ் எங்கே என்றார். அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. அவர் தலைக்கு மேலே தொங்கிய தேசப்படத்தைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார்.

"மேப்புல இருக்கு சார். என் ரிஜிஸ்டர்ல இல்லையே!"

முதல் பை

போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் முத்துராக்கு என்று ஒரு ராமநாதபுரத்துக்காரர். காடு வெட்டித் தென்னை வைத்தவர். கொப்பரை இப்படியே ஏறாமல் கிடந்தால் தோட்டத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்பார். அதிகாரியிடம் காட்ட மாதிரி வேண்டும், நல்லதாகக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டது நான்தான். அவரும் மனைவியும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒரு துண்டில்கூடக் கறை கிடையாது.

மெட்ராஸில் அதிகாரி ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் மலர்ந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு அருமையா விளையுது. உங்களுக்கு எதுக்குங்க சலுகை?"

இரண்டாவது பை

இதை முத்துராக்குவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அடுத்த பயணத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. கப்பலில் இடமில்லாமல் அவருடைய மூட்டைகள் கொட்டகையிலேயே கிடந்தன. மறுபடி மாதிரி கேட்டேன். ஒரே அள்ளில் பையை நிரப்பிக் கொடுத்தார். உள்ளே எல்லாம் கறுத்து, பூசணம் பூத்திருந்தது.

"இந்தத் தடவ பொறுக்கல சாப். எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

ஆர்டர்

அதே அதிகாரி, காறல் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டே சலுகைக்குக் குறிப்பெழுதினார். ஆனால் ஆர்டர் போர்ட் பிளேயர் வந்து சேர்வதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விட்டது. காகிதத்தோடு பாம்பூஃப்ளாட் ஃபெர்ரிப் படகைப் பிடிக்கச் சாத்தம் துறைமுக ஜெட்டிக்கு ஓடினேன். அங்கேயே தகரப்பெட்டியோடு நின்றிருந்தார் முத்துராக்கு. தெற்கே வேறொரு தீவில், ஹட் பே தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேறப் போகிறாராம். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆர்டரைப் படித்துக் காட்டினேன். கடைசி வரிவரை நின்று கேட்டார்.

"அச்சா சாப். இனிமே மாதிரி குடுக்கிறவங்ககிட்ட சொல்லிருங்க, நல்லதப் பொறுக்க வேணாம்னு. ஜஹாஜுக்கு நேரமாச்சு, வர்றேன்."

அவருக்காக நான் கேட்ட கப்பல் இடத்தில் வேறு யாருடைய கொப்பரையோ ஏறியது. அவர் ஏறிப்போன கப்பலில் அவருக்கு எந்த மூலை கிடைத்தது என்று நான் யாரிடமும் கேட்கவே இல்லை.