மாட்டின் மேல் போட்ட பழி

நீங்கள் பொய் சொன்னீர்கள், டாக்டர். அந்தப் பொய்யைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

போடியில் உங்கள் கருமாற்று மையத்தில் மைக்ராஸ்கோப் பார்ப்பது என் வேலை. நல்ல ரக மாட்டின் கருவை விவசாயி கொண்டுவரும் மாட்டின் வயிற்றில் வைக்கிறோம். ஒரு வார மாட்டுக் கரு ஊசிமுனை அளவுகூட வராது. அது ஆணா பெண்ணா என்று ஒரு நொதியை வைத்துச் சொல்கிறோம். பெண் கருவில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. அந்த வயதில் இரண்டுமே வேலை செய்வதால் அந்த நொதி அதிகமாக இருக்கும், நாம் விடும் சாயம் சீக்கிரம் நிறம் மாறும். ஆண் கருவில் மெதுவாக மாறும். புத்தகத்தில் இவ்வளவுதான். கண்ணாடித் தட்டில் அப்படி இல்லை. நோஞ்சான் பெண் கரு மந்தமாக இருக்கும், துடிப்பான ஆண் கரு முந்திக்கொள்ளும். சிலது இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும்.

இது தெரிந்தே ஊர் ஊராகப் போய், பிறப்பது பெண் கன்றுதான், கிடேரி உறுதி என்றீர்கள்.

நம்பி வந்தவர் தேவாரம் பக்கத்து அக்கா ஒருவர். தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கிறவர். இடுப்பு போய்விட்டது. நல்ல ரகக் கிடேரி ஒன்று வளர்ந்து கறவைக்கு வந்துவிட்டால் மலை ஏற வேண்டியதில்லை என்று இருந்தார். ஊசி போட்டுத் தயார் செய்த தன் மாட்டை லோடு ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். அன்று தேறியது ஒரே கரு. நிறம் நடுவில் நின்றது.

"சந்தேகமா இருக்கு சார்" என்றேன்.

"மாடு வாசல்ல நிக்குது. கெடேரின்னு சொல்லிவிடுப்பா, வெரசா" என்றீர்கள்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். "ஒன் வாய்க்குச் சக்கரதான் போடணும் தம்பி" என்றார்.

அந்தக் கருவையே வைத்தீர்கள். காளை பிறந்தது. கேள்விப்பட்டுப் போனேன். தொழுவத்தில் அவர் கொழுந்தனார் மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரு கெடேரியத்தான வச்சாரு? இது வயித்துக்குள்ள போயி காளையாகிருச்சு. முன்னப் போட்டதும் காளைதான. வித்துத் தள்ளிவிடுங்க மதினி."

அக்கா என்னைப் பார்த்து, "நீங்க நல்லதத்தான் வச்சீக. இந்த மூதேவி மாத்திப்புடுச்சு. காப்பி குடிச்சிட்டுப் போ தம்பி" என்றார்.

அந்த மாடு கருவைச் சுமந்தது, அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்பது உள்ளே வைப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். அதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாட்டையும் கன்றையும் மாட்டு வியாபாரி வாங்கிக் கேரளாவுக்கு ஓட்டிப்போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"எம்மனசு ஆறட்டும்னு சொல்ற. டாக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்? இந்தவாட்டி நல்ல வயித்து மாடாப் பாத்துக் கொண்டாறேன், இரு."

மாடு தேடிக்கொண்டிருக்கிறார். உங்களிடம்தான் வருவார். நான் சொன்னால் எடுபடாது என்று பார்த்துவிட்டேன். அதனால் நீங்கள் சொல்லுங்கள். அடுத்த பால் சொசைட்டிக் கூட்டத்தில், அக்காவும் அவர் கொழுந்தனாரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று சொல்லுங்கள்: காளை பிறந்தது மாட்டின் குற்றமா, நம் குற்றமா?