அவள் எடுத்த பொட்டலம்

மகன் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனபோது என் மனைவி ஒரு புடவையையும் தொடவில்லை. கடைக்காரர் விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா, சுத்தப் பட்டுங்க."

"சம்பந்தியம்மா எடுக்கட்டுமுங்க. என்ற கை வேண்டாம்."

சம்பந்தியம்மாள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். தன் கை ராசியில்லாத கை என்று என் மனைவி நம்பினாள். அது பொய் என்று தெரிந்தவன் அந்தக் கடையில் நான் ஒருவன்தான். தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். சில ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தினேன். பிறகு மாமனார் நல்லூரில் விட்டுப்போன பனியன் கம்பெனி என் கைக்கு வந்தது. எங்களுக்கு ஒரே மகன். அவனை அமராவதி அணைக்குப் பக்கத்தில் உள்ள உறைவிடப் பள்ளியில் சேர்த்தேன். விடியலில் எழுந்து பழகுவான், நல்ல ஆங்கிலம் பேசுவான், நாளைக்குச் சரக்கு எடுக்க வெளிநாட்டு பையர் வந்தால் எனக்குப் பதில் அவன் எதிரே உட்காருவான் என்று நினைத்தேன். அங்கே பையன்களைப் படைக்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. லீவில் வந்தால் அவன் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற அழகை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அது எதற்கான ஷூ என்று மட்டும் யோசிக்கவில்லை.

கல்லூரி முடித்த வருடம் ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னான். எதையும் மறைக்கவில்லை. பள்ளியில் அவனுக்கு மூத்த ஒருவர் ஐ.நா. அமைதிப்படையில் ஆப்பிரிக்கா போய்த் திரும்பியிருந்தார். பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் கிணற்றடியில் காவல் நின்றதைப் பற்றி இவனிடம் பேசியிருக்கிறார்.

"நானும் ஒரு நாளைக்கு அதுக்குக் கேக்கோணும்னு இருக்கறனுங்க."

"ஊரான் ஊட்டுச் சண்டைக்கு நீ எதுக்குக் கண்ணு போய் நிக்கோணும்? நம்ம எல்லைன்னாலும் ஒரு நாயமிருக்குது."

"ஊரான் போடற பனியனை நாம தைக்கறமில்லீங்க?"

"பனியன் தைக்கறவனை ஆரும் சுட மாட்டாங்க."

"ரேட் பேசும்போது பையர் உங்களைச் சுடறதைப் பாத்திருக்கறனுங்கப்பா."

கரண்டியும் கையுமாக நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். "வேண்டாம், எனக்குப் பயமாயிருக்குது" என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை. அவரவர் வாழ்க்கையை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். மகனைத் தடுத்த தகப்பன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அவன் போகவும் வேண்டாம்.

பயம் உயிரைப் பற்றியது மட்டுமா என்றால், அதுவும் இல்லை. எனக்குப் பிறகு கம்பெனியைப் பார்க்க ஆளில்லை. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றும் என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை.

"அம்மன்கிட்டப் பூ வாக்குக் கேட்டுப் பாத்தரலாம்" என்றேன்.

"நீங்க அதையெல்லாம் நம்ப மாட்டீங்களேப்பா?"

"உங்கம்மா நம்பறா."

அவன் அம்மாவைப் பார்த்தான். "அம்மாவுக்காகச் செரிங்க. ஆனா வெள்ளை வந்தா அப்புறம் ஆரும் அழுகக் கூடாது."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா என்று மனம் தடுமாறினால் சாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் வீட்டார் ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

எங்கள் அம்மன் கோயில் கொமரலிங்கத்தில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பூசாரி அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பும்போது, "பெரியவரு நீங்களே மடிச்சுக் கட்டிருங்க சாமி" என்று தட்டை என்னிடம் நீட்டினார். மடிப்பதை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. மனைவியும் மகனும் வெளியே நின்றார்கள். நான் இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். நந்தியாவட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கவில்லை. நம்பிக்கை இருக்கிறவனுக்கு நடுங்கியிருக்கும்.

"ஆருங்க எடுக்கறீங்க?" என்றார் பூசாரி.

மகன் எடுப்பான் என்று நினைத்திருந்தேன். "பெத்தவ நானே எடுக்கறனுங்க" என்று என் மனைவி முன்னால் வந்துவிட்டாள். வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். இடப்பக்கத்துப் பொட்டலத்தில் விரல் வைத்தாள். விரலை விலக்கிக்கொண்டு அடுத்ததைத் தொட்டாள். அதையே எடுத்தாள்.

செவ்வரளி.

"ஆத்தா வேண்டாங்கறா. மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று பூசாரி மகனின் நெற்றியில் திருநீறு வைத்தார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். "செரிங்க, போலாம்" என்றான். அவ்வளவுதான்.

மீதிப் பொட்டலத்தை நான் ஆற்றுக்குக் கொண்டுபோனேன். சட்டைப் பையில் இருந்த பூவையும் சேர்த்து விட்டேன். பொட்டலம் தண்ணீரோடு போயிற்று. நந்தியாவட்டை மட்டும் படித்துறை ஓரத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றது. காலால் தள்ளிவிட்டேன்.

திரும்பும் வழியில் காரில் என் மனைவி அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து மகன் உள்ளே போன பிறகு சொன்னாள்:

"ஏனுங்க, வெள்ளை வரோணும்னுதானுங்க நான் வேண்டிக்கிட்டேன். எனக்குப் பயமில்லாமயா? ஆனா அந்த முகத்தப் பாத்துட்டு வேற என்னத்த வேண்டறது? மொதல்ல தொட்டதையே எடுத்திருக்கோணும். அதைய விட்டுட்டேன். பையன் பொழப்பை என்ற கையே கெடுத்துருச்சுங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "ஆத்தா செய்யறதுக்கு நீ என்ன பண்ணுவே" என்று ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கோயிலுக்கு வரவில்லை. புது மெஷின் இறக்கினால் சூடம் ஏற்ற மாட்டாள். எந்த நல்ல காரியத்துக்கும் கை நீட்டாமல் வேறு யாரையாவது முன்னால் தள்ளிவிடுவாள். மகன் கம்பெனிக்கு வந்தான். நான் நடத்தியதைவிட நன்றாகவே நடத்தினான். விடியலில் நல்லூர்த் தெருக்களில் ஓடுவான். ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் டீக்கடையில் நின்று "ஃபௌஜி பையா" என்று சல்யூட் அடித்துக் கேலி செய்வார்கள். பட்டாளத்து அண்ணன் என்று அர்த்தம். அவனும் சிரித்துக்கொண்டே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு ஓடுவான். படையில் சேர்வதற்கான வயது வரம்பு அவனுக்கு எப்போது தாண்டியது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அன்றைக்கும் டெலிவரி பற்றித்தான் பேசிக்கொண்டோம்.

போன ஆடியில் பேத்தி பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்து என் மனைவியிடம் நீட்டினாள். இவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல கை இருக்கறவங்க மொதல்ல வாங்கட்டும் சாமி. என்ற கை வேண்டாம்" என்றாள் மகனிடம்.

நர்ஸ் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தை உதட்டைச் சுழித்தது. என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ரெண்டுலயும் செவ்வரளிதான் இருந்துது. நான்தான் வெச்சுக் கட்டினேன்."

மகனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவளுக்குச் சற்று நேரமானது.

"அப்ப, எதைய எடுத்திருந்தாலும்?"

"எதைய எடுத்திருந்தாலும் சிவப்புத்தான்."

அவள் முந்தானையை விலக்கித் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகன் நர்ஸிடமிருந்து குழந்தையை வாங்கி அந்தக் கையில் வைத்தான். என் பக்கம் திரும்பவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவனாகவே வந்து என் பக்கத்தில் நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"வேண்டாம்னு நீங்களே சொல்லியிருந்தீங்கன்னா ஒண்ணு சண்டை போட்டுட்டுப் போயிருப்பனுங்க. இல்லாட்டி உங்களுக்காக இருந்திருப்பேன். எதுன்னாலும் நான் முடிவு பண்ணதா இருந்திருக்கும். என்னை விடுங்க. அம்மா இத்தனை வருசமா அந்தக் கையைத் தூக்கிட்டுத் திரிஞ்சாங்களே, அதைய தெனமும் பாத்துட்டுத்தானுங்க இருந்தீங்க?"

கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. அது போயிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது என் மனைவி பேத்தியைக் குளிப்பாட்டுகிறாள், பொட்டு வைக்கிறாள், தூளியில் போட்டு ஆட்டுகிறாள். என்னிடம் சாப்பிட வாங்க என்பதற்கு மேல் பேசுவதில்லை. குழந்தையை இதுவரை என் கையில் யாரும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.