நூறு காட்டிய நாள்

என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் நாமக்கல்லில் டயாலிசிஸ். பத்து மணிக்குப் படுக்கை, நான்கு மணி நேரம். கொல்லிமலையிலிருந்து இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எண்ணியே பழகியவன், அவற்றையும் எண்ணிக்கொண்டுதான் போவேன்.

எங்களை அழைத்துப்போகும் மிளகு விவசாயி மின்சாரக் கார் வாங்கியிருந்தார். எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிடுவார். "பேட்டரி ஆயுசுக்கு அதான் நல்லதுன்னு கடைல சொன்னாங்க" என்பார். வழியில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத்தான் பதைப்பு. ஒரு நாள் காரை எங்கள் வீட்டிலேயே சார்ஜில் போடவைத்து, நூறு காட்டிய பிறகே எடுக்க விட்டேன்.

நாற்பத்தொன்றாம் வளைவில் கருகல் நாற்றம். சக்கரத்திலிருந்து புகை. வண்டியை ஓரங்கட்டினார்.

"கால எடுத்தா வண்டி தானாப் புடிக்குமுங்க. இன்னைக்குப் புடிக்கவே இல்லீங்க."

கடைக்குப் போன் செய்தபோதுதான் விளங்கியது. இறக்கத்தில் கார் தன் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் அனுப்பும். அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நிறைந்த பேட்டரியில் இடமில்லை. பாரமெல்லாம் பிரேக் மேல் விழுந்திருக்கிறது.

"ஏனுங்க, நூறு போதுங்களா, இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாமா?" என்றாள் மனைவி.

விவசாயிதான் பேச்சை மாற்றினார். "உள்ள திராவகமே இல்லாம கெட்டிப் பேட்டரின்னு ஒண்ணு வருதாமுங்க. பத்து நிமிசத்துல நெறையுமாம், லேசுல தீப்புடிக்காதாம்."

"எப்போது வருமாம்?"

"நாலஞ்சு வருசத்துலீங்க."

"அது வாரப்ப வரட்டும் சாமி, என்னைய இந்த வளைவெறக்கி வுடுங்க, போதும்" என்றாள்.

பிரேக் ஆற நாற்பத்தேழு நிமிடம். பத்து ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்தவருக்கும் அதே படுக்கை என்பதால் மூன்று மணி நேரத்தோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் கால் வீங்கியது. அழுத்திய விரலின் குழி மேலெழ எத்தனை விநாடி ஆயிற்று என்பது எனக்குத் தெரியும், எழுத மனமில்லை.

கெட்டிப் பேட்டரி பற்றிய செய்திகளை இப்போது விடாமல் படிக்கிறேன். வேகமாக நிறையும் என்கிறார்கள், தூரம் போகும் என்கிறார்கள். இருக்கட்டும். எந்தப் பேட்டரியானாலும் நிறைந்ததற்குள் மேலும் எதை ஊற்றுவது?

இப்போதெல்லாம் எண்பது காட்டியதும் வயரை நானே பிடுங்குகிறேன். அடிவாரத்தில் எண்பத்தைந்து காட்டும்.

"எவ்வளவுங்க?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்பாள். நான் சதவீதத்தை விட்டுவிட்டு மணியைச் சொல்வேன்.